எல்லாத் தம்பியும் ஒரே தம்பி

…இல்ல சித்தப்பா, நான் இறங்க மாட்டேன். ஸ்கூட்டரை எடுக்கணும்னா என்னையும் பின்னாடி வச்சுக்கிட்டுத்தான் எடுக்கணும். செருப்புக்கூடப் போடாம மாடியிலேர்ந்து ஓடி வந்திருக்கேன், போற வழியில எனக்கு ஏதாவது குத்தினா அந்தப் பாவம் உங்களுக்குத்தான். மூணு வருஷம் கழிச்சு அண்ணன் வீட்டு மாடி ஏறி, கதவு வரைக்கும் வந்து, உள்ள எட்டிப் பார்த்துட்டு, ஒரு வார்த்தை பேசாம இறங்கி வர்றதுன்னா என்ன அர்த்தம்? வாசல் வரைக்கும் வந்துட்டு ஓடிப்போற வேலை எல்லாம் என் வயசுக்கு. அதுலயும் நான் பெல்லை அமுக்கிட்டுத்தான் ஓடுவேன். நீங்க அதுகூடப் பண்ணல.

ஹெல்மெட்டைக் கழட்டுங்க முதல்ல. நான் சொல்றது காதுல விழுதா இல்லையான்னே தெரியல, மீன்தொட்டிகிட்ட பேசற மாதிரி இருக்கு. மாட்டீங்களா? சரி, அந்த முன்கண்ணாடியையாவது மேல தூக்குங்க. ஆங். இப்போ மூக்கு தெரியுது. அப்படியே அப்பா மூக்கு. கோபம் வந்தா ரெண்டு பக்கமும் விரியும் பாருங்க, அதே மூக்கு. உங்க அம்மா உங்க ரெண்டு பேருக்கும் மூக்கைப் பிரிச்சுக் கொடுக்கும்போது கோபத்தையும் சரிபாதியாப் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க போல.

என்ன கோபம்னு எனக்குத் தெரியாதா? "தம்பி, ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. பழசையெல்லாம் விட்டுடு. தப்பு என் பேர்லதான், நேர்ல சொல்றேன். இது உன் வீடு, கேட்டுட்டு வர வேண்டாம்"னு அண்ணன்கிட்டேர்ந்து மெயில் வந்துச்சு. நமக்குன்னே எழுதியிருக்காரேன்னு சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்தீங்க. வந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு, ஹால் பூரா ஆம்பளைங்க, எல்லாரும் அப்பாவை அண்ணே அண்ணேன்னு தாங்கறாங்க. அதுல ஒரு மனுஷன் உங்களைப் பார்த்துட்டு, "அட, நீங்களும் தம்பியா? கொஞ்சம் நகர்ந்து உக்காருங்கப்பா, இன்னொரு தம்பி வந்திருக்காரு"ன்னாரு. நான் சமையக்கட்டுலேர்ந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். கூடப் பிறந்தவரைப் பார்த்து இன்னொரு தம்பின்னா யாருக்குத்தான் சுருக்குன்னு இருக்காது? ஆனா அந்த ஆள் மேல தப்பு இல்ல சித்தப்பா. அப்பா மேலயும் இல்ல. எல்லாம் மெயிலை வீடு மாத்தினதால வந்த வினை.

இருங்க, சொல்றேன். சாவியைத் திருப்பாதீங்க. கேட்டுட்டுப் போங்க, அப்புறம் நானே தள்ளிக்கூட விடறேன்.

நம்ம கடை மெயில் இருந்துச்சுல்ல, நீங்களும் அப்பாவும் கண்ணாடிக் கடை ஆரம்பிச்சப்போ திறந்தது? அந்தக் கம்பெனிக்காரங்க கடையைச் சாத்தறாங்களாம், எல்லாத்தையும் காலி பண்ணி எடுத்துட்டுப் போங்கன்னு எழுதிட்டாங்க. அப்பா அதை எப்படிப் படிச்சாரு தெரியுமா? மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டு, "பார்த்தியா, வாடகை கொடுக்காதவனைத் துரத்தற மாதிரி துரத்தறான், இத்தனை வருஷ வாடிக்கை, ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொன்னானா"ன்னு. யாருப்பா போன் பண்ணணும்னா, "அவன்தான், அந்த மெயில்காரன்"ங்கறாரு.

சரின்னு புதுசா ஒரு இடத்துல கணக்கு திறந்து, பழசை எல்லாம் அங்க கொண்டுபோகற பட்டனை அமுக்கினாரு. ஒரு நீலக் கோடு வந்துச்சு. கோடு நகரல. அப்பாவுக்குத்தான் தெரியுமே, லிப்ட் வர்ற வரைக்கும் பட்டனை விட மாட்டாரு. திருப்பி அமுக்கினாரு. அப்புறம், "இந்தச் சனியன் என்னன்னு கேளு"ன்னு என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இன்னொரு அமுக்கு. நான் வந்து பார்க்கறப்போ மூணு கோடும் வரிசையா, சமத்தா ஓடிட்டு இருக்கு.

விடிஞ்சு பார்த்தா எல்லாமே மூணு. 'வந்தவை'ன்னு ஒரு பெட்டி, 'வந்தவை ஒண்ணு'ன்னு ஒரு பெட்டி, 'வந்தவை ரெண்டு'ன்னு ஒரு பெட்டி. அந்த 'வந்தவை ரெண்டை'த் திறந்தா உள்ள ஒரு குட்டி 'வந்தவை' உக்காந்துக்கிட்டு முழிக்குது. அம்மா எட்டிப் பார்த்துட்டு, "ஒண்ணா இருக்கறப்பவே உங்கப்பா ஒழுங்கா பதில் போட மாட்டாரு. இப்போ மூணு தடவை பதில் போடாம இருப்பாரு"ன்னு போயிட்டாங்க. உதவி நம்பருக்கு போன் போட்டோம். அந்தப் பொண்ணு இருக்கே, தேன் ஒழுகற குரல், "உங்க சிரமம் புரியுதுங்க சார், லைன்லயே இருங்க சார்"னுச்சு. லைன்லயே இருந்தோம். குழல் ஊதிக்கிட்டே இருந்தாங்க. அப்பா அந்தக் குழலுக்குத் தாளம் போட ஆரம்பிச்சதும் நானே வச்சுட்டேன்.

அப்புறம் ஒவ்வொண்ணா அழிக்கறதுன்னு முடிவாச்சு. அழிக்கறவங்க எப்படி அழிப்பாங்க? மொத்தமாப் பிடிச்சுத் தூக்கிப் போடுவாங்க. நம்மாளு மூணையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டு, எழுத்து எழுத்தா ஒத்துப் பார்க்கறாரு. அப்பா, மூணும் ஒரே மாதிரிதான் இருக்கும்பான்னா, "நீ கண்ணாடி வெட்டியிருக்கியா? வெட்டினதை ஒட்ட முடியுமா? அது மாதிரிதான் இதுவும்"னு வேற. கதவுக் கண்ணாடி விலை கேட்டு எவனோ எழுதின ஒரு வரியை மூணு தடவை படிச்சு, மூணும் ஒண்ணுதான்னு தீர்ப்பு சொல்லிட்டு, ரெண்டை மட்டும் அழிப்பாரு. அழிக்கறப்போ ஒரு பெருமூச்சு. சும்மா சொல்லக் கூடாது, பெருமூச்சும் ரெண்டு.

அப்படியே போய் 'தம்பி'ங்கற பெட்டிக்கு வந்தாரு.

உங்களோடதுதான். நீங்க அளவெடுக்கப் போன இடத்துலேர்ந்து அனுப்பினதெல்லாம். போற இடத்துல எல்லாம் யார் வீட்டுச் சுவத்துல படம் கோணலா தொங்குதுன்னு பார்த்து, போட்டோ பிடிச்சு அப்பாவுக்கு அனுப்புவீங்களாமே? எனக்கு இது தெரியவே தெரியாது. பல் ஆஸ்பத்திரியில ஒரு ஏரி படம் சாய்ஞ்சு தொங்குது, கீழ நீங்க, "அண்ணே, தண்ணி இந்தப் பக்கமா வழியப் போகுது, ஒரு வாளியோட ஆளை அனுப்பு"ன்னு எழுதியிருக்கீங்க. பேங்குல மேனேஜர் போட்டோவே கோணல். "அண்ணே, மேனேஜர் வழுக்கறாரு, ஓடி வா." அப்பா சிரிச்சாரு பாருங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. சிரிச்சு முடிச்சு, ரெண்டாவது காப்பியைத் திறந்து, ஒத்துப் பார்க்கறேன்னு திரும்பப் படிச்சு, திரும்பச் சிரிச்சு. மூணாவதுக்கும் அதே சிரிப்பு. ஒரே ஜோக்குக்கு மூணு தடவை சிரிச்ச மனுஷனை நான் இப்பத்தான் பார்க்கறேன். அம்மா வந்து நெத்தியில கை வச்சுப் பார்த்தாங்க.

அப்புறம் திடீர்னு சத்தமே இல்ல. என்னன்னு போய்ப் பார்த்தா, கையை மவுஸ் மேல வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காரு. "வாலு, இந்த மூணுல எது அசல்?"

தெரியலப்பா, எல்லாம் ஒண்ணுதான், எதை வேணா அழிக்கலாம்னேன்.

"அப்போ மூணும் இருக்கட்டும்"னுட்டாரு. இன்னிக்கும் போய்ப் பாருங்க, அந்தப் பெட்டி மூணு மூணாத்தான் இருக்கு.

என்ன சித்தப்பா, தூசியா? இந்த வண்டி நிறுத்தற இடத்துல கொஞ்சம் அப்படித்தான். அதான் ஹெல்மெட்டைக் கழட்டுங்கன்னேன்.

கேளுங்க, இனிமேதான் விஷயம். அதுக்கப்புறம் அவரால எதையும் அழிக்க முடியல. "விலாசத்தை எல்லாம் நீயே சரி பண்ணிடு"ன்னு என்கிட்ட தள்ளிட்டாரு. திறந்தா எனக்கு மயக்கம் வராத குறை. அப்பா யாரையும் பேர் போட்டு வச்சுக்கறதில்ல, தெரியும்ல? பேர் சொல்லிக் கூப்பிட்டா மரியாதை இல்ல, அதனால பேரை எழுதறதும் இல்ல. சார். மேடம். மாமா. டாக்டர். அக்கா. தம்பி. இவ்வளவுதான் அவர் உலகத்துல ஆளுங்க. எத்தனை சார்னு கேக்காதீங்க. அந்தச் சார் ஒவ்வொருத்தரும் இப்போ மும்மூணு. பக்கத்தைத் தள்ளத் தள்ள சார் வந்துக்கிட்டே இருக்காரு, பள்ளிக்கூட வராந்தா மாதிரி.

இதுல அந்தப் புது மெயில் தானாவே ஒரு கேள்வி கேட்டுச்சு, "ஒரே பேர்ல பல பேர் இருக்காங்க, சேர்த்துடலாமா"ன்னு. எவ்வளவு நல்ல மனசு பாருங்க. சேர்த்துடுன்னு ஒரு தட்டு தட்டினேன். சேர்த்துடுச்சு. மொத்தமா. அதுக்கு என்ன தெரியும், இந்தச் சார் வேற அந்தச் சார் வேறன்னு? இப்போ அப்பாவுக்கு இந்த உலகத்துலயே ஒரே ஒரு சார்தான். அவரே வரி கேப்பாரு, அவரே வீட்டு வாடகை கேப்பாரு, அவரே எனக்குக் கணக்குப் பாடம் எடுத்துட்டு, இவ தேற மாட்டான்னு வீட்டுக்கு எழுதுவாரு.

டாக்டரும் ஒருத்தர்தான். அம்மா முட்டி வலின்னு டாக்டருக்கு எழுதினாங்க. பதில் வந்துச்சு. அம்மா வாசிக்க வாசிக்க குரல் ஏறுது: "என்னடி இது, ரெண்டு நாளைக்கு வெளிய விட வேண்டாங்கறாரு… நகம் வளர்ந்திருந்தா வெட்டி விடுங்கங்கறாரு… முன்னங்காலா பின்னங்காலான்னு கேக்கறாரு." எதிர் வீட்டு நாய்க்கு ஒரு தடவை ஊசி போட்டாரே, அந்த டாக்டர். அப்பா அதைக் கேட்டுட்டு அம்மாகிட்ட, "ரெண்டு நாள் வெளிய போகாம இருந்துதான் பாரேன்"னாரு. அவருக்கு அன்னிக்குச் சாப்பாடு லேட்டாத்தான் கிடைச்சுது.

தம்பியும் ஒண்ணாயிட்டாரு. அதான் சொல்ல வந்தேன்.

அன்னிக்குச் சாயந்திரம் அப்பா உங்களுக்கு எழுத உக்காந்தாரு. ஒத்தை விரல்ல. உங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்டைன்னு எனக்கு அப்போதான் சொன்னாரு. பியூட்டி பார்லருக்கு வெட்டின பெரிய கண்ணாடி ரெண்டு விரக்கடை குறைஞ்சு போச்சாமே? அந்தப் பார்லர் அம்மா எதிர்லயே, "அளக்கத் தெரியாதவன் டேப்பைத் தொடாதே"ன்னு அப்பா சொன்னாராமே? நீங்க டேப்பை மேஜை மேல வச்சுட்டு வெளிய போனவர்தானாம். இவ்வளவுதானா? நான் ஏதோ கத்தி கித்தின்னு நினைச்சுட்டு இருந்தேன். ஆனா அதைச் சொல்றப்போ அப்பா என்னைப் பார்க்கவே இல்ல. "அளவு எடுத்தது அவன், சரியாத்தான் எடுத்திருந்தான். நான்தான் கோட்டைத் தள்ளிப் போட்டு வெட்டிட்டேன். அந்தம்மா கத்தவும் வாய் வந்துடுச்சு"ன்னாரு. அவர் வாயால. நான் நடிச்சுக் காட்டல சித்தப்பா, இதை மட்டும் என்னால அவர் குரல்ல சொல்ல முடியல. ட்ரை பண்ணிப் பார்த்தேன்.

எழுதி முடிச்சு, யாருக்குங்கற இடத்துல 'தம்பி'ன்னு அடிச்சாரு. கீழ கடகடன்னு ஒன்பது விலாசம் தொங்குது. எல்லாம் ரெண்டு எழுத்து நாலு நம்பர், வண்டி நம்பர் மாதிரி. "இவனுக்கு எதுக்கு இத்தனை? கடை மாத்தினான், அதோட விலாசத்தையும் மாத்திக்கிட்டே இருக்கான் போல. எதுல பார்ப்பானோ… எல்லாத்துக்கும் போட்டுடுவோம்"னு ஒன்பதுக்கும் டிக் அடிச்சு அனுப்பிட்டாரு.

அதான் இன்னிக்கு வந்திருக்காங்க. ஒவ்வொரு தம்பியா.

முதல்ல வந்தது நம்ம லோடு வண்டிக்காரர். கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு, அந்தக் கரகரத் தொண்டையில, "அண்ணே, அன்னிக்குக் கண்ணாடியில விழுந்த விரிசல் என்னால இல்லேன்னு இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே, மெயிலைப் படிச்சுட்டு என் வீட்டுல கண்ணு கலங்கிட்டாங்க"ன்னாரு. அப்பா திருதிருன்னு முழிக்கறாரு. அடுத்து சலூன்காரர். கிருதா ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு அப்பா சத்தம் போட்டாருல்ல? "அண்ணே, கிருதா சரியாத்தான் இருந்துச்சு, உங்க காதுங்கதான் மேல கீழ இருக்கு, சொன்னா மரியாதையா இருக்காதேன்னு அன்னிக்குச் சும்மா இருந்துட்டேன்." அடுத்து இன்சூரன்ஸ்காரர், குழையறாரு: "வீட்டுல யாரும் இல்லைன்னு அன்னிக்கு நீங்களே உள்ளேர்ந்து சொன்னீங்களேண்ணே, நானும் நம்பிட்டுத்தான் போனேன், அதுக்குப் போய் இவ்வளவு வருத்தப்படலாமா." உக்காந்த உடனே பையைத் திறந்துட்டாரு. மேல் வீட்டு ஜிம் தம்பி எடையைத் தொப்புத் தொப்புன்னு போடறான்னு அப்பா துடைப்பக் கட்டையால கூரையை இடிப்பாரு, அந்தத் தம்பி வந்து, "இனிமே துண்டு விரிச்சுப் போடறேண்ணா"ன்னு காலைத் தொடக் குனியறான்.

ஒருத்தர் விடாம அவங்கவங்க சண்டைக்குன்னே அந்த மெயில் எழுதின மாதிரி இருக்கு சித்தப்பா. நாலு வரிதான். எல்லாருக்கும் பொருந்துது.

அப்பா சமையக்கட்டுக்கு ஓடி வந்து, "இவங்களை எல்லாம் நான் எப்போ கூப்பிட்டேன்?"னு கிசுகிசுக்கறாரு. அம்மா கரண்டியை ஆட்டிக்கிட்டே, "நீங்க சண்டை போட்டவங்கள்ல மெயில் வச்சிருக்கறவங்க மட்டும்தான் வந்திருக்காங்க. இல்லாதவங்களும் வந்திருந்தா மைதானம் பிடிச்சிருக்கணும். போய் இலையைப் போடுங்க"ன்னுட்டாங்க. ஒருத்தருக்குன்னு வச்ச சாப்பாட்டுல தண்ணி ஊத்தி ஊத்தி, இப்போ பாத்திரத்துல முகம் பார்க்கலாம்.

தப்பா வந்துடுச்சுன்னு சொல்லி அனுப்ப வேண்டியதுதானேங்கறீங்களா? எப்படிச் சொல்லுவாரு? முதல் ஆள்கிட்ட மன்னிப்புங்கற வார்த்தை வரவே இல்ல. ரெண்டாவது ஆள்கிட்ட பாதி வந்துச்சு. நாலாவது ஆள் வர்றப்போ நல்லாத் தெளிவாவே, "ஆமாம்பா, என் தப்புதான்"ங்கறாரு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை வந்தவங்க எல்லார்கிட்டயும் ஒத்திகை பார்த்துட்டு இருக்காரு. ஆனா ஒண்ணு. பெல் அடிச்சா யாரையும் எழுந்திரிக்க விடல, அவரேதான் ஓடறாரு. கதவைத் திறப்பாரு, முகம் அப்படியே விழும், உடனே தூக்கி வச்சுக்கிட்டு வாங்க வாங்கம்பாரு. ஏழு தடவை விழுந்துச்சு, நான் எண்ணினேன். ஏழாவது ஆள் உள்ள வந்ததும் கதவைச் சாத்தாமயே விட்டுட்டாரு. நீங்க வந்தது அப்பதான். பெல் அடிக்கல. அந்தக் கூச்சல்ல அவர் திரும்பல. நீங்க வந்தது இன்னும் அவருக்குத் தெரியவே தெரியாது.

ம்? என்ன முறைக்கறீங்க? பக்கத்துல உக்காந்திருந்தியே, நீயாவது தடுக்கக் கூடாதான்னா?

…தடுத்திருக்கலாம்.

சரி, சொல்லிடறேன். அந்த ஒன்பதும் ஒரே ஆள் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். நான்தானே சேர்த்து வச்சேன். அப்பா, "இதெல்லாம் இவனோடதுதானா?"ன்னு கேட்டாரு. நான் ஆமாம்பான்னேன். மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு. விளையாட்டுக்கு இல்ல சித்தப்பா. கொஞ்சம் விளையாட்டுதான்… ஆனா முழுசா இல்ல. சேர்த்த உடனே எது யாரோடதுன்னு போயிடுச்சு. ஒன்பதுல ஒண்ணு நீங்க, அது மட்டும்தான் தெரியும். எந்த ஒண்ணுன்னு தெரியாது. இல்லப்பா, இதுல யாரு சித்தப்பான்னு தெரியலைன்னு சொன்னா அவர் என்ன பண்ணுவாரு? "சரி, இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம்"னு மூடி வச்சுடுவாரு. அந்த அப்புறம் இன்னும் மூணு வருஷம். அதான் எல்லாத் தம்பிக்கும் போகட்டும், அதுல ஒரு தம்பி நம்ம தம்பியா இருப்பாருன்னு விட்டுட்டேன். இன்சூரன்ஸ்காரர் பையைத் திறப்பாருன்னு எல்லாம் நான் யோசிக்கல.

ஆமா, கேக்கணும்னு நினைச்சேன், அந்த ஒன்பதுல எது உங்களோடது? பழைய கடை மெயிலைத்தான் ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பீங்க, அந்தக் கோணல் படமெல்லாம்கூட அதுலேர்ந்து அதுக்கேதான் அனுப்பியிருக்கீங்க, உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லையே. எதுல வந்துச்சு உங்களுக்கு?

புதுக் கடைக்குத் திறந்ததா?

இருங்க. புதுக் கடைன்னா சண்டைக்கு அப்புறம் திறந்ததுதானே. அந்த விலாசம் நீங்க அப்பாவுக்குக் கொடுத்தீங்களா? …கொடுக்கல. அம்மாவுக்கு? …இல்ல. என்கிட்டயும் இல்ல. அப்போ அது அப்பாகிட்ட எப்படி வந்துச்சு? அவர்தான் யார்கிட்டயாவது கேட்டு வாங்கியிருக்கணும். அந்தக் கண்ணாடி மொத்த வியாபாரிகிட்டயா இருக்கும், ரெண்டு பேரும் அவர்கிட்டதானே எடுக்கறீங்க. கேட்டு வாங்கி, தம்பின்னு போட்டு வச்சுக்கிட்டு, ஒரு வரிகூட எழுதாம…

அடேயப்பா. சரியான அழுத்தக்காரர்.

எப்படிக் கேட்டிருப்பாரு தெரியுமா? எனக்குத் தெரியும், கண்ணை மூடினா அப்படியே வருது, பாருங்க. தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு, வேற எதையோ கேக்கற மாதிரி, "ஏன் சார், அஞ்சு எம்எம் கண்ணாடி என்ன விலை போகுது? அப்படியா? பத்து எம்எம்? ம்… ம்… அது சரி, அந்த இன்னொருத்தன் இருக்கானே, அதான் சார், அவன்தான்… அவன் மெயில் கியில் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? எனக்கு வேண்டாம் சார், எனக்கெதுக்கு, பார்லர்லேர்ந்து ஒரு அம்மா கேட்டாங்க." அந்த வியாபாரிக்குத் தெரியாதா? அவர் வெத்தலையை இந்தப் பக்கம் ஒதுக்கிட்டு, "பார்லர் அம்மாவுக்கா… சரி, எழுதிக்குங்க"ன்னிருப்பாரு. அப்பா உடனே பேனாவைத் தேடி, பேனா கிடைக்காம, கண்ணாடி மேல கோடு போடற அந்தப் பென்சிலை எடுத்து உள்ளங்கையில எழுதிக்கிட்டு, வீட்டுக்கு வர்ற வரைக்கும் கையே கழுவாம… எப்படி, சரியா இருக்கா சித்தப்பா? குரல் கொஞ்சம் கட்டையா போயிடுச்சோ? அவர் பொய் சொல்றப்போ குரல் இன்னும் கொஞ்சம் மேல போகும், இருங்க, திரும்பப் பண்றேன், "எனக்கெதுக்கு சார்…"

சித்தப்பா?

…அடப் பாவமே, நான் யார்கிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டு இருக்கேன்?

வண்டி இங்கயேதான் இருக்கு. ஆளைக் காணோம். ரோட்டுலயும் இல்ல. சத்தமே கேக்கலையே, பூனை மாதிரி…

மேல எல்லாரும் பேச்சை நிறுத்திட்டாங்க. நாலு தெருவுக்குக் கேக்கற மாதிரி அண்ணே அண்ணேன்னுட்டு இருந்தாங்க, இப்போ ஒரு குரலும் இல்ல. …அம்மா மட்டும் மெதுவா, "எல்லாரும் கொஞ்சம் பால்கனியில நில்லுங்கப்பா"ங்கறாங்க. பால்கனியில அத்தனை பேர் எப்படி நிப்பாங்க? ஆங், நிக்கறாங்க. வண்டிக்காரர் என்னைப் பார்த்து உதட்டு மேல விரல் வைக்கறாரு.

வாங்க சார். யாரைப் பார்க்கணும்? மெயில் வந்துச்சா? "தப்பு என் பேர்லதான்"னு போட்டு? அப்போ நீங்களும் தம்பிதான். இல்ல இல்ல, சரியான வீடுதான், சாப்பாடு எல்லாம் இருக்கு, கொஞ்சம் தண்ணியா இருக்கும், அவ்வளவுதான். ஆனா இப்போ மேல போகாதீங்க. ரெண்டு பேர் பேசிட்டு இருக்காங்க. நேரம் ஆகும். இப்படி இந்த ஸ்கூட்டர் மேல உக்காருங்க, ஒண்ணும் ஆகாது, இது எங்க சித்தப்பாவோடதுதான்… என்ன ஆச்சுன்னா, எங்கப்பா இருக்காரே, அவர் லிப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினா விட மாட்டாரு…